அடியில் பிரிந்த பெட்டிகள்

டேப் சுருளைக் காதருகே வைத்துக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் எனக்கு ஒருவர்தான் உண்டு. பெயர் அமராவதி. சுருளின் நுனியை நகத்தால் கிளப்பி, ஒரு சாண் இழுத்து, அது பிரிகிற சத்தத்தைக் கேட்பார். அடுத்து உருளையின் ஓட்டைக்குள் கட்டைவிரலை விட்டு, உள்ளே இருக்கும் அட்டை எவ்வளவு தடிமன் என்று தடவிப் பார்ப்பார். கடைசியாக என் முகத்தைப் பார்ப்பார். டேப்பைவிட என் முகத்தைத்தான் அதிக நேரம் சோதிக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கடலூர் முதுநகரில், லாரி பார்சல் ஆபீசுகள் இருக்கும் தெருவில் என் கடை. அட்டைப் பெட்டி, டேப், சணல், பபுள் ஷீட் என்று பொருள் கட்டி அனுப்பத் தேவையானதெல்லாம் விற்கிறேன். ராஜமாணிக்கம் என்று போர்டில் எழுதியிருந்தாலும் தெருவுக்கு நான் டேப்புக் கடைக்காரர்தான்.

அமராவதிக்கு வீடு சிதம்பரத்தில், கனகசபை நகர்ப் பக்கம். பிறந்தது அண்ணாகிராமத்தை ஒட்டிய ஒரு முந்திரித் தோப்புக் குடும்பத்தில். அங்கிருந்து உடைத்துத் தோல் நீக்கிய பருப்பை வரவழைத்து, தரம் பிரித்து, அரைக்கிலோ பாக்கெட்டாகப் போட்டு, கோயம்புத்தூர், பெங்களூரு என்று வீடுகளுக்கும் ஸ்வீட் கடைகளுக்கும் அனுப்புவார். பாக்கெட் போடவும் பெட்டி ஒட்டவும் புஷ்பவள்ளி என்று ஓர் அம்மா கூட இருந்தார். பெட்டிகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கடலூருக்குக் கொண்டு வருவது அமராவதியின் தம்பி பாலகுமார்.

சிதம்பரத்தில் இல்லாத கூரியர் ஆபீசா, கடலூர் வரைக்கும் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். அங்கே எல்லோரிடமும் சண்டை போட்டாகிவிட்டது என்பதை அவர் வேறு மாதிரி சொன்னார்.

"அவுங்க தராசு சரியில்லண்ணே. ஒருத்தன் பெட்டிய ஆட்டி ஆட்டிப் பாக்குறான். உள்ள என்னா இருக்குன்னு அவனுக்கு எதுக்கு?"

"ஒடையற பொருளான்னு பாத்திருப்பான்ம்மா."

"நீங்க ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குறீங்க?"

இப்படித்தான். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை எல்லோரும் சொல்வோம், அவர் செய்வார். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கேஸ் சிலிண்டரில் எடை குறைகிறது, எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிற பெண் துணி காயப்போட வரவில்லை. கணவர் உத்திராபதி மின்வாரியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறீர்கள் என்று அவரையும் சந்தேகப்பட்டதாகக் கேள்வி.

இதில் வினை என்னவென்றால், எப்போதாவது ஒரு தடவை அவர் சந்தேகம் பலித்துவிடும். என்னிடம் வந்த புதிதில் ஒரு சுருளை வீட்டுக் கூடத்தில் முழுக்க உருட்டி அளந்துவிட்டு, மேலே போட்டிருக்கும் மீட்டர் உள்ளே இல்லை என்று சண்டைக்கு வந்தார். கோபத்தில் நானும் ஒன்றைப் பிரித்து அளந்தேன். அவர் சொன்னது சரி. நடுவில் இருக்கும் அட்டை உருளையைத் தடிமனாக்கி டேப்பைக் குறைத்திருந்தார்கள். சப்ளை செய்தவனை மாற்றினேன். அன்றிலிருந்து அமராவதிக்குத் தன் சந்தேகத்தின் மேல் மட்டும் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

அவருக்கு டேப் விஷயம் எல்லாம் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். பிரவுன் நிறம் என்பதற்காக டேப் பலமாகிவிடாது, மைக்ரான் என்கிற தடிமன் அளவைப் பார்க்க வேண்டும். நாற்பது மைக்ரான் துணிப் பெட்டிக்குப் போதும். பருப்பு மாதிரி கனமானதற்கு ஐம்பதுக்குக் குறையக் கூடாது. மடல்கள் சேரும் கோட்டின் மேல் நீளமாக ஒன்று, இரண்டு ஓரங்களிலும் குறுக்கே ஒவ்வொன்று, பெட்டியின் பக்கவாட்டில் நான்கு விரல் இறங்க வேண்டும். ஒட்டியதும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும், அந்தச் சூட்டில்தான் பசை பிடிக்கும். முக்கியமாக அடிப்பக்கம். மேல்பக்கம் பிரிந்தால் பொருள் தெரியும், அடிப்பக்கம் பிரிந்தால் பொருள் போய்விடும்.

காணாத நிலத்துக்குப் பத்திரம் காட்டுகிறவனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே இவ்ளோ சொல்றீங்க? ஜாஸ்தி டேப்பு செலவாவணும்னா?"

இருந்தாலும் சொன்னபடி ஒட்டினார். இரண்டு வருஷம் ஒரு பெட்டிகூடப் பிரியவில்லை.

இவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டவர் பாலகுமாரை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மா இல்லாத வீட்டில் தம்பிக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர் அவர். லோடு ஆட்டோ வாங்கியபோது முதல் எலுமிச்சம்பழம் வைத்ததும் அவர்தான். பாலகுமார் சிரித்த முகத்துக்காரன். சிதம்பரத்தில் இருந்து வரும்போது வழியில் கிள்ளைக்காரர்களின் கருவாட்டு மூட்டை, பாத்திரக் கடைப் பெட்டி எல்லாம் சேர்த்து ஏற்றிக்கொண்டு வருவான். சவாரி இல்லாத நேரத்தில் ஸ்டாண்டில் கேரம் ஆடுவான். அவனுக்குச் சொத்து என்று பார்த்தால் அந்த ஆட்டோவும், பொருளை ஒப்படைத்தால் போய்ச் சேரும் என்ற பேரும்தான். இரண்டில் பேர்தான் அவனுக்குச் சோறு போட்டது.

போன வருஷம் ஐப்பசி மழையில் கோயம்புத்தூருக்குப் போன பெட்டி ஒன்று அடியில் பிளந்து, பாதிப் பாக்கெட் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. நனைந்திருக்கும் என்று சொன்னேன். அமராவதி அதைக் காதில் வாங்கவில்லை. நேராகக் கிளம்பி, விருத்தாசலம் தாண்டி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். போலீசுக்கு எழுதுவதுபோலச் சாமிக்கு மனு எழுதி, எனக்கு இன்ன அநியாயம் நடந்தது, விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்று அந்தக் கோயிலில் இருக்கும் முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவது. காரியம் முடிந்ததும் திரும்பப் போய் ராஜினாமா கொடுத்து வழக்கை முடிக்க வேண்டும். எல்லாம் முறைப்படி.

"பேரு எழுதலண்ணே. எடுத்தவன் எவனா இருந்தாலும்னு எழுதியிருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் பெட்டிகள் வரிசையாகப் பிரிய ஆரம்பித்தன. பெங்களூரில் ஒன்று. கோயம்புத்தூரில் இன்னொன்று. எல்லாம் அடிப்பக்கம். சில பாக்கெட்டுகள் குறையும், சில நாள் அட்டை மட்டும் வாய் பிளந்து போய் நிற்கும். அமராவதி முதலில் என்னைச் சந்தேகப்பட்டார். ஐம்பது மைக்ரான் என்று நாற்பதைக் கொடுக்கிறேனாம். சுருளுக்குச் சுருள் பிரித்துக் காட்டினேன். பிறகு புஷ்பவள்ளியை. அவர் கையில் எண்ணெய் இருக்கிறதாம், அதனால் டேப் வழுக்குகிறதாம். அந்த அம்மா சோப்புப் போட்டுக் கழுவிய கையைத் தினமும் நீட்டிக் காட்டிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார். பிறகு பார்சல் ஆபீசில் மூட்டை தூக்குகிறவர்களை. ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் யார் மிஞ்சுவார்கள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஒரு நாள் சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

தை முடியப் போகும் சமயம், வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிய பெட்டி ஒன்று பார்சல் ஆபீசுக்கு வந்தது. பாலகுமார் அதைத் தூக்கிக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தான்.

"அண்ணே, நீங்களே பாருங்க. அக்கா வர்றதுக்குள்ள என்னான்னு கண்டுபுடிச்சிச் சொல்லுங்க."

பெட்டியைக் கவிழ்த்தேன். நல்ல டேப் அட்டையிலிருந்து வரும்போது அட்டையின் தோலை உரித்துக்கொண்டுதான் வரும். இதில் நடுக்கோடு நெடுக அட்டை அப்படியே முழுசாக இருந்தது. டேப்பின் பசைப் பக்கத்தைத் திருப்பினால் வெள்ளையாகப் பொடி. விரலால் தேய்த்தேன். மாவு மாதிரி வழுவழுவென்று இருந்தது. இவ்வளவு வருஷத்தில் என் டேப்பில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து அமராவதி பஸ்சை விட்டு இறங்கி வந்தார். கடை வாசலில் கிள்ளை தனம் நின்றிருந்தார், பாலகுமார் ஏற்றி வந்த தன் கருவாட்டு மூட்டைக்குப் பார்சல் ஆபீசில் ரசீது வாங்க வந்தவர். மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அமராவதி டேப்பை என் கையிலிருந்து வாங்கினார். பொடியைத் தொட்டார். தலையைத் திருப்பி, வெளியே நின்ற லோடு ஆட்டோவைப் பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே, சாமி படத்துக்குப் பக்கத்தில், கேரம் போர்டுக்குப் போடும் பவுடர் டப்பா இருந்தது.

"பாலு, அது என்னா டப்பா?"

அவன் சிரித்தான். "கேரம் பவுடருக்கா. தெரியாத மாதிரி கேக்குற."

"டேப்ப மெதுவா பிரிச்சி, பவுடரு போட்டு ஒட்டிட்டா, பாக்குறவனுக்கு ஒட்டுன மாதிரியே இருக்கும். கொஞ்ச தூரம் போனா தானா பிரிஞ்ச மாதிரியும் இருக்கும். இல்ல?"

அவன் சிரிப்பு முகத்திலேயே நின்றது. அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்து அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தான்.

"யக்கா, நானா?"

"இல்லன்னா யாருன்னு நீ சொல்லு. என் வூட்டுக்கும் இந்த ஆபீசுக்கும் நடுவுல வேற யார் கை பட்டுச்சி?"

"அம்மா, ஒரு தடவ புடிச்ச டேப்ப அப்பிடிப் பிரிக்க முடியாது, அட்ட கிழிஞ்சிரும்" என்று நான் குறுக்கே புகுந்தேன்.

"ஒங்க டேப்ப நீங்க விட்டுக் குடுப்பீங்களா?" என்றார். எனக்கும் அந்தப் பொடி எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பாலகுமாரின் டப்பாவை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்த வாரமே அமராவதி மறுபடியும் மணவாளநல்லூர் போனார். இந்தத் தடவை பிராதில் பேர் எழுதினார். அண்ணாகிராமம் இன்னார் மகன் பாலகுமார் என்று, அப்பா பேரோடு. அது அவருக்கும் அப்பாதான்.

சாமி விசாரிக்கும் முன்பே ஊர் விசாரித்து முடித்துவிட்டது. சொந்த அக்காவே சொல்கிறாள் என்றால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? தனம் தன் கருவாட்டை வேறு வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். பாத்திரக் கடைக்காரர், இந்த மாதம் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அவன் கண்ணெதிரே இன்னொரு ஆட்டோவில் ஏற்றினார். ஸ்டாண்டில் கேரம் ஆட உட்கார்ந்தால் பவுடரைக் காட்டி ஒருவன் கண்ணடித்தானாம். அவன் போர்டு பக்கம் போவதை விட்டான்.

பெட்டிகள் மட்டும் நிற்கவில்லை. அமராவதி வேறொரு வேனில் அனுப்பினார். அதுவும் பெங்களூரில் வாயைப் பிளந்தது. இப்போதாவது புரியுமென்று நினைத்தேன்.

"அந்த வேன்காரனும் இவனும் ஒரே ஸ்டாண்டுண்ணே. தொழிலச் சொல்லிக் குடுத்திருப்பான்" என்றார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி தீரவில்லையே, அந்தப் பொடி என்ன? ராத்திரியும் பகலும் டேப்பிலேயே வாழ்கிறவனுக்கு அது தெரியாமல் இருப்பது பெரிய அவமானம்.

பாலகுமாரின் மனைவி பவானி ஒரு நாள் என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, இவரு சரியா சாப்புடறது இல்ல. ஆட்டோவ வித்துட்டு குடிகாட்டுப் பக்கம் கம்பெனி எதுலயாவது வேலைக்குப் போறேங்குறாரு. அங்கயும் இந்தப் பேரு பின்னாடியே வராதா? ஒங்க டேப்புதான இது. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். குடிகாட்டுத் தொழிற்சாலைகளைத் தாண்டும்வரை ரசாயன வாடை. எல்லோரும் மூக்கை மூடினார்கள், நானும் மூடினேன். ஆளையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பதை விட்டு, வேலை எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் முடிவு செய்திருந்தேன்.

அமராவதி என்னை வரவேற்ற லட்சணத்தில், நான் எதை அளக்க வந்திருக்கிறேன் என்ற கேள்வி இருந்தது. கூடத்தில் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். புஷ்பவள்ளி வந்ததும் வழக்கம்போல இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அமராவதி பார்த்துத் தலையாட்டினார். புஷ்பவள்ளி ஒரு பெட்டியை விரித்து, அடி மடல்களை மடக்கிக் கவிழ்த்து வைத்தார். டேப்பை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அமராவதி பூஜை அறையிலிருந்து ஒரு பித்தளைக் கிண்ணத்துடன் வந்தார். மூன்று விரலைத் தோய்த்து, மடல்கள் சேரும் கோட்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டையாக இழுத்தார். இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு நகர்ந்துகொண்டார். புஷ்பவள்ளி டேப்பை இழுத்து அதன் மேலேயே ஒட்டி, நான் சொல்லிக் கொடுத்தபடி உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

நாற்காலியை விட்டு எழுந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தேன்.

"அது என்னாம்மா?"

"எது?"

"இப்ப வச்சீங்களே."

"கொளஞ்சியப்பர் திருநீறுண்ணே. பிராது கட்டுனப்ப குடுத்தாங்க. தீரத் தீரப் போய் வாங்கிட்டு வந்துருவேன். காவலுக்கு. எவன் பிரிச்சாலும் கை வெளங்காது."

"அடியில எதுக்கு?"

"திருடறவன் அடியிலதான பிரிக்கிறான்?"

முதல் பெட்டி போனதும் கொஞ்சமாக வைத்திருக்கிறார். இரண்டாவது போனதும் இன்னும் நீளமாக. திருட்டு கூடக் கூடத் திருநீறும் கூடியிருக்கிறது. திருநீறு கூடக் கூடப் பெட்டியும் பிரிந்திருக்கிறது. இதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. பொட்டு வைப்பதை யாரிடம் போய்ச் சொல்வார்கள்? பொடி என்றதும் ஊரில் உள்ள பவுடரெல்லாம் அவர் நினைவுக்கு வந்ததே தவிர, சாமி கொடுத்தது பொடி என்ற கணக்கிலேயே அவரிடம் இல்லை.

புஷ்பவள்ளியிடம் இன்னொரு பெட்டி கேட்டேன். அதை வெறும் துணியால் துடைத்து, திருநீறு இல்லாமல் ஒட்டச் சொன்னேன். டீ வந்தது. குடித்து முடித்தபின் இரண்டு டேப்பையும் ஒரே மாதிரி இழுத்தேன். திருநீறு வைத்தது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. துடைத்து ஒட்டியது அட்டையின் தோலைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

அமராவதி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே டேப்புதானா?"

"நீங்களே ஒட்டிப் பாருங்க."

அலமாரியைத் திறந்து, தான் பூட்டி வைத்திருந்த சுருளை எடுத்து, தானே ஒட்டினார். தானே இழுத்தார். இன்னொரு தடவையும் செய்தார். அதற்கப்புறம் பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டேப்பு புடிக்கலன்னு நான் சொன்னேங்க. கையில எண்ண இருக்குன்னீங்க" என்றார் புஷ்பவள்ளி. குத்திக் காட்டச் சொன்ன மாதிரி இல்லை. நடந்ததைச் சொன்னார்.

"அப்ப பருப்பு?" என்று அமராவதி என்னைக் கேட்டார்.

"அடி தொறந்தா கீழ கொட்டும். கீழ கெடக்கறத எவனோ எடுத்துட்டுப் போவான். அதுக்குத் திருடன் வேணாம்மா."

"மொத பெட்டி?"

"மழையில நனஞ்சிதுன்னு அன்னிக்கே சொன்னேன்."

அவர் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"எங்கப்பா பேரப் போட்டு எழுதியிருக்கேண்ணே. சாமிகிட்ட எழுதியிருக்கேன்."

மறுநாளே மணவாளநல்லூர் போய் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு டேப் துண்டுகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, கிள்ளைக்குத் தனத்தின் வீட்டுக்குப் போனார். பாத்திரக் கடைக்குப் போனார். ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போனார். முதுநகருக்கு வந்து, அன்றைக்கு டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் பிடித்து நிறுத்தி, என் தம்பி மேல் குற்றமில்லை என்று டேப்பைக் காட்டிச் சொன்னார்.

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். தனம் அடுத்த தடவை ரசீது வாங்க வந்தபோது என்னிடம் சொன்னார்:

"பாவம், அக்காவுக்கு மனசு கேக்கல. தம்பிய விட்டுக் குடுக்க முடியுமா? நாலு பேரு சேந்து சமாதானம் பண்ணியிருப்பாங்க."

"இல்ல தனம், நான் கண்ணால பாத்தேன்."

"ஒங்களுக்கு ரெண்டு பேருமே வேண்டியவங்கதான? நெருப்பு இல்லாமயா பொகையும்?"

குற்றம் சொன்னபோது ஊர் அமராவதியை முழுசாக நம்பியது. குற்றமில்லை என்றபோது, அவர் எல்லோரையும் பார்ப்பதுபோலவே அவரைப் பார்த்தது. சாமி ராஜினாமாவை வாங்கிக்கொண்டார். ஊர் வாயில் கட்டிய பிராதுக்கு ராஜினாமா கொடுக்க எந்தச் சந்நிதியும் இல்லை.

ஒரே வழிதான் மிச்சம் என்று அமராவதிக்குத் தோன்றியது. தன் சரக்கு மறுபடியும் தம்பி வண்டியில் போக வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்க்க வேண்டும். பார்த்தால் நம்புவார்கள். பவானி மூலம் சொல்லி அனுப்பினார். பாலகுமார் வரவில்லை. மறுபடியும் சொல்லி அனுப்பினார். ஆட்டோவை விற்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பவானி அழுது கேட்டதற்காகத்தான் அவன் ஒத்துக்கொண்டான். டேப் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்று அமராவதி என்னையும் வரச் சொன்னார். என்னை அவர் எதற்காகவாவது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பெட்டிகளை வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தேன். துடைத்து, அழுத்தி, ஓரம் இறக்கி, குறை சொல்ல முடியாமல் ஒட்டியிருந்தார் புஷ்பவள்ளி. தெருவில் நாலு பேர் நடமாடும் நேரமாகப் பார்த்துத்தான் அமராவதி அவனை வரச் சொல்லியிருந்தார். எதிர்வீட்டு மாடியில் அந்தப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பாலகுமார் ஆட்டோவை நிறுத்தி இறங்கினான். வாசற்படி ஏறவில்லை. இளைத்திருந்தான்.

"உள்ள வா பாலு. டீ குடிச்சிட்டுப் போவலாம்."

"குடிச்சிட்டுதான் வந்தேன்."

அமராவதி ஒரு பெட்டியைத் தானே தூக்கினார். கனம் அவருக்குத் தாங்கவில்லை. ஆட்டோ வரை கொண்டு போய் உள்ளே தள்ளப் போனார். பாலகுமார் பெட்டியின் மேல் கையை வைத்து நிறுத்தினான்.

"பிரி."

"என்னா?"

"பிரிச்சி, உள்ள எவ்ளோ இருக்குதுன்னு எண்ணிக் காட்டு. அப்பறம் என் எதுருலயே ஒட்டு. ஒட்டுனப்பறம் நான் ஏத்திக்கிறேன்."

"எதுக்குடா அதெல்லாம்? ஒன்ன நான் எண்ணிப் பாப்பேனா? நான்தான் தெரியாம…"

"நீ பாக்க வேணாம்க்கா. எனக்கு வேணும்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். என்னைப் பார்த்தார். அவன் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

பெட்டியைக் கீழே இறக்கி, டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி இழுத்தார். இப்போது டேப் விடவில்லை. அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பெட்டியும் அப்படியே கிழிய, புஷ்பவள்ளி உள்ளே ஓடிப் புதுப் பெட்டிகளை எடுத்து வந்தார். அமராவதி வாசல் தரையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளை வெளியே எடுத்து வைத்து, வாய்விட்டு எண்ணினார். பாலகுமார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

மூன்றாவது பெட்டியில் பாதியில் அவருக்குக் குரல் உடைந்து எண்ணிக்கை தப்பிவிட்டது. கையில் இருந்த பாக்கெட்டை வைத்துக்கொண்டு, எத்தனையாவது என்று தெரியாமல் தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"பரவால்லக்கா" என்றான் அவன். "மொதல்லேர்ந்து எண்ணு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.